எஸ்டேட் வேனில் ஒரு பி.ஏ.

போன ஞாயிற்றுக்கிழமை குன்னூர் மார்க்கெட்டில் கேரட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா சட்டென்று திரும்பி என் முகத்தையே பார்த்தார். அறுபதை நெருங்கும் வயது. ஸ்வெட்டர், தலையில் கட்டிய துண்டு. முன்பின் பார்த்த முகமில்லை.

"நீங்க டிரைவர் தம்பியோட சம்சாரம்தானே? குரல வச்சே கண்டுபுடிச்சேன்" என்றார்.

குரலை வைத்தா? நான் என்ன ரேடியோவிலா பேசுகிறேன்?

ஒரு வகையில் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் செந்தில் ஒரு டீ எஸ்டேட்டில் வேன் ஓட்டுகிறார். காலையில் கொழுந்து பறிக்கும் பெண்களைத் தேயிலைக் காட்டில் இறக்கிவிடுவது, சாயங்காலம் அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குத் திரும்பக் கூட்டிவருவது, நடுவில் ஃபேக்டரி, டவுன், ஆஸ்பத்திரி என்று அலைவது... இதுதான் வேலை. பிளஸ் டூ முடித்த சமயத்தில் அவருடைய அப்பா தவறிவிட்டதால் படிப்பு நின்றுபோனது. நாற்பதைத் தாண்டிய பிறகு, தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தார். பிரமோஷனுக்கா? இல்லை. பாதியில் நின்றதை முடித்துப் பார்க்க வேண்டும் என்றார். அவ்வளவுதான்.

ஆசை சரி. நேரம்? வீட்டுக்கு வந்து புத்தகத்தை விரித்தால் முதல் பக்கத்திலேயே தலை சாய்ந்துவிடும். நாளெல்லாம் கொண்டை ஊசி வளைவுகளோடு மல்லுக்கட்டிய உடம்பு — அதைக் குற்றம் சொல்ல முடியுமா?

அதனால் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். காலையில் கொஞ்சம் முன்னதாக எழுந்து, அடுப்படியில் உட்கார்ந்து, பாடங்களைச் சத்தமாகப் படித்து போனில் பதிவு செய்துவிடுவேன். அவர் அதை வேன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். எனக்கும் ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். தொழிற்புரட்சிக்கு நடுவே குக்கர் விசில் அடிக்கும். பிரெஞ்சுப் புரட்சிக்கு நடுவே, "ஏனுங்க, பால் பொங்குது பாருங்க" என்பேன். அழித்துவிட்டுத் திரும்பப் படிக்க நேரமேது? அப்படியே போகும்.

அவர் தனியாகத்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன்...

ராசம்மா — மார்க்கெட்டில் பார்த்த அம்மாவின் பெயர் அதுதான் — சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினார். சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டுப் பாடம் போடுகிறாரே என்று ஆரம்பத்தில் வேனில் ஒரே முணுமுணுப்பாம். ராஜா ராணி கதைகள் வந்ததும் காது கொடுத்திருக்கிறார்கள். பிறகு ஒருநாள் பாடம் இல்லையென்றாலும் ஏன் என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டதாம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் பிறகு இங்கே திருப்பி அனுப்பப்பட்டதைப் பற்றிய பாடம் வந்த அன்று, எல்லாரும் ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்களாம். ராசம்மாவே சிறு பிள்ளையாகக் கப்பலில் வந்தவர். புத்தகத்தில் அது கால் பக்கம்தான். இன்னொரு தடவை போடச் சொல்லி, போகும்போதும் வரும்போதும் அதையே கேட்டிருக்கிறார்கள். எங்கள் தெரு நாயின் குரைப்பு உட்பட.

அதற்குப் பிறகு ராசம்மா சொன்னதுதான் எனக்குத் தெரியாத செய்தி.

இரண்டாம் வருஷத்தில் என் வீட்டுக்காரர் ஒரு பேப்பரில் ஃபெயில். அரசியல் சிந்தனை. என்னிடம், அந்த ஒரு ரிசல்ட் மட்டும் இன்னும் வரவில்லை என்று சொல்லியிருந்தார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். வேனிலோ மறுபடி சினிமாப் பாட்டு ஓட ஆரம்பித்திருக்கிறது. பாடம் எங்கே என்று பெண்கள் கேட்க, முதலில் மழுப்பியிருக்கிறார். விடாமல் கேட்டதும், ஃபெயிலாகிவிட்டேன், இந்த வயசில் இதெல்லாம் எனக்கு ஒத்துவராது, விட்டுவிடப் போகிறேன் என்றாராம்.

"நான் சொன்னேன்... தம்பி, அந்தப் பாடம் வேன்ல இருந்த எங்க ஒருத்திக்கும் விளங்கல. உங்களுக்கு மட்டும் எப்படி விளங்கும்? மொதல்ல இருந்து மறுபடி போடுங்க. எல்லாரும் நிதானமா கேப்போம்."

போட்டார். டீ குடிக்க நிற்கும் நேரத்தில் இதற்கு என்ன அர்த்தம், பாடத்தில் வரும் அந்த ஆள் ஏன் அப்படிச் சொன்னார் என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். பதில் தெரியாதபோது, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து சொல்ல வேண்டியதாயிற்று. தொலைநிலைக் கல்வியில் வகுப்பறை எங்கோ தூரத்தில் இருக்கும். இவருக்கோ மொத்த வகுப்பும் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தது. தப்பிக்க முடியுமா?

கேரட்டை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இவர் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ராசம்மா அக்காவைப் பார்த்தேன் என்றேன். உதறப்போன சட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். எனக்குக் கோபமா? கொஞ்சம் இருந்தது. ஒரு வேன் முழுக்கத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியவில்லையே! ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அந்தக் குளிர்ல எந்திரிச்சு உக்காந்து எனக்காகப் படிச்சுக் குடுத்தே. ஃபெயில்னு வந்ததும் உன்ற குரலக் கேக்கவே சங்கடமாப் போச்சு புள்ள. அதான் பாட்டப் போட்டேன்."

தோல்வியை யாரிடம் சொல்வது சுலபம்? நமக்காக மெனக்கெடாதவர்களிடம்தான் போலிருக்கிறது. மெனக்கெட்டவர்களிடம் சொல்ல வாய் வருவதில்லை. பக்கெட்டில் மிச்சமிருந்த துணிகளை இரண்டு பேருமாகக் காயப்போட்டோம்.

இந்த வாரம் கடைசி ரிசல்ட் வந்தது. திரும்ப எழுதிய அரசியல் சிந்தனை உட்பட, எல்லாம் பாஸ். இவர் பேக்கரியில் மொறுமொறு வர்க்கி வாங்கிக்கொண்டு போய் வேன் முழுக்கக் கொடுத்திருக்கிறார். ராசம்மா அதில் ஒன்றைத் தாளில் சுற்றி, வாசித்த பிள்ளைக்கு என்று சொல்லி இவரிடமே கொடுத்தனுப்பினார். வீட்டில் எனக்காக வாங்கிய ஒரு பாக்கெட் இருந்தது. ஆனாலும் பாதி நொறுங்கி வந்த அந்த ஒன்றைத்தான் முதலில் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில், பரீட்சை எல்லாம் முடிந்த பிறகும் விடாத பழக்க தோஷம்... சீக்கிரமே விழித்துவிட்டேன். படிக்க எதுவும் இல்லை. இவரும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு, ஆளுக்கொரு டீயைச் சூடாக, அவசரமில்லாமல் குடித்தோம்.

குடித்து முடித்ததும் பட்டதாரி எழுந்துபோய் இரண்டு டம்ளரையும் கழுவி வைத்தார்.