ஐஸ் பெட்டியோடு தடய ஆய்வகத்துக்கு: எண்ணூர் முதல் ராயபுரம் வரை

ஏற்காடு, ராமேஸ்வரம் என்று இந்த வலைப்பூவில் படித்துப் பழகியவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த முறை எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைதான். பதினைந்து கிலோமீட்டர்கூட வராது. யாருக்காவது இந்த வழி தேவைப்படலாம் என்றுதான் எழுதுகிறேன். தேவைப்படக் கூடாது என்பது என் வேண்டுதல்.

எங்கள் தெருவில் மீன் விற்கும் தனத்தின் தம்பி சேகர், போன மழைக்காலத்தில் இரண்டு பேரோடு கடலுக்குப் போனான். படகு திரும்பியது, அவன் வரவில்லை. தவறி விழுந்துவிட்டான் என்றார்கள் கூடப் போனவர்கள். உடலும் ஒதுங்கவில்லை. பிறகு ஒருநாள் அந்தப் படகில், வலைக்கு அடியில், ரத்தக் கறையோடு சேகர் தோளில் போடும் துண்டு தனத்தின் கையில் கிடைத்தது. அடித்துத் தள்ளியிருக்கிறார்கள் என்று அவளுக்கு அன்றே உறுதியாகிவிட்டது.

"ஸ்டேஷன்ல குடுத்தா காணாப் பூடும் நைனா. நேரா லேபுலயே குடுத்துடலாம். நீதான் ஊர் ஊரா சுத்தற ஆளு, ஆபீசுல பேசத் தெரியும்" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

காலை 8.40 மின்சார ரயில். மடியில் ஒரு தெர்மோகோல் பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வியாபாரத்தையும் முடித்துக்கொண்டு திரும்பலாம் என்று மீன் எடுத்து வருகிறாள் போல என நினைத்தேன். சாம்பல் படிந்த மரங்கள், கன்டெய்னர் லாரி வரிசை, விம்கோ நகரின் பழைய ஆலைச் சுவர் எல்லாம் போயின. ராயபுரத்தில் இறங்கி ஆட்டோ, அறுபது ரூபாய்.

"மார்ச்சுவரிக்கா, லேபுக்கா?" என்றார் ஓட்டுநர்.

"லேபுக்கு."

"அப்ப பரவால்ல சார்."

வரவேற்பு மேசையில் ஓர் அம்மையார் இருந்தார். தனம் பெட்டியைத் திறந்தாள். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே மீன் கவர், கவருக்குள் இளஞ்சிவப்புத் தண்ணீரில் மிதக்கும் துண்டு.

"மூணு வேளையும் ஐஸ் மாத்திகினு கீறேம்மா. கெட்டே போவாது" என்றாள் தனம், பெருமையோடு.

அம்மையார் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். "ஈரத்துல இருந்தா ரத்தக் கறை கரைஞ்சிடும்மா, அழுகிடும். நிழல்ல காய வச்சு, காகித உறையில போட்டிருக்கணும்."

"காய வெச்சா கருவாடாத்தான பூடும்? ஐஸ்ல வெச்சாதான நிக்கும்?"

போலீஸ் முத்திரையும் நீதிமன்றக் கடிதமும் இல்லாமல் எதையும் வாங்க முடியாது என்றார் அவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுவரில் மாட்டியிருந்த தரச்சான்றைக் காட்டி, "இதெல்லாம் அழகுக்கா?" என்றேன்.

"சீல் இல்லாம ஒண்ணை வாங்கினா அந்தச் சான்றே போயிடும் சார். கோர்ட்ல எங்க ரிப்போர்ட் எதையும் நம்ப மாட்டாங்க. உள்ளே இவங்க மாதிரி எத்தனையோ பேரோட கேஸ் இருக்கு."

நீட்டிய கையை இறக்கிக்கொண்டேன். நல்ல மனுஷி, காவல் நிலையத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். அன்றே எண்ணூர் திரும்பி அங்கே ஒப்படைத்தோம்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: கறை படிந்த பொருளைத் துவைக்காதீர்கள், பிளாஸ்டிக்கில் கட்டாதீர்கள், ஐஸில் வைக்காதீர்கள். கிடைத்த இடத்திலேயே விட்டுவிட்டு உடனே போலீசைக் கூப்பிடுங்கள். எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆய்வகத்துக்கு நீங்கள் போகவே வேண்டாம், நீதிமன்றம் வழியாக அது தானே போகும்.

சில மாதம் கழித்து முடிவு வந்தது: மனித ரத்தமா என்று உறுதி செய்ய இயலவில்லை. அந்த இரண்டு பேரும் கடலுக்குப் போய் வருகிறார்கள்.

முடிவைப் படித்துச் சொன்னபோது தனம் அழவில்லை. "ஐஸ் வெக்காம வுட்டிருந்தா தெரிஞ்சிருக்குமா நைனா?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்பவும் தெரிஞ்சிருக்காதும்மா" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பொய் சொல்றே" என்றாள்.