மேஜையில் கிடந்த பைக் சாவி

ஆறு வருடங்களுக்கு முன்பு, தூத்துக்குடியில் உப்பளங்களை ஒட்டி இருக்கும் ஒரு துணை மின் நிலையத்தில் நான் ஆபரேட்டராக இருந்தேன். பெரிய நிறுவனம். பெயர் வேண்டாம். ஐந்நூறு ஆண்களுக்கு ஐந்து பெண்கள் இருந்தால் அதிகம். பதவி உயர்வு வேண்டுமென்றால் வேலை தெரிந்தால் போதாது, அதிகாரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டவும் தெரிய வேண்டும். எனக்கு அது வராது.

கம்பத்தில் ஏறுகிறவர் முதலில் எங்களிடம் வந்து 'லைன் கிளியர்' வாங்க வேண்டும். அதாவது, அந்த லைனில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று நாங்கள் எழுதித் தரும் உறுதி. வேலை முடிந்ததும் வாங்கியவரே அதைத் திருப்பித் தர வேண்டும். அதன் பிறகுதான் நாங்கள் மறுபடியும் மின்சாரம் விடலாம். விதி அப்படி. நடப்பது வேறு. வெயிலில் யார் திரும்பி வருவார்கள்? யாராவது ஒருவர் போனில் "முடிஞ்சுது, போடுங்க" என்பார். நாங்களும் போட்டுவிடுவோம்.

அப்படி ஒரு நாள் நானும் போட்டேன். பேசியவர் லைன் கிளியர் வாங்கியவர்தானா என்று கேட்கவில்லை. கம்பத்தில் ஆள் இருந்தார். லைனைக் கம்பி போட்டுத் தரையோடு இணைத்து எர்த் செய்து வைத்திருந்ததால் பிரேக்கர் உடனே விழுந்து மின்சாரம் நின்றது, அவர் பிழைத்தார். என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கள் இடத்து வழக்கம் அது. ஆள் சாகவில்லை என்றால் தவறே நடக்கவில்லை. என்னால் அப்படி விட முடியவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ஒரு காரியம் செய்தேன். லைன் கிளியர் வாங்க வருகிறவர் தன் பைக் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு, கூட வரும் வேனில் வேலைக்குப் போக வேண்டும். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டால்தான் சாவி. சாவி இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது அல்லவா?

நல்ல ஏச்சு கிடைத்தது. ஒரு வயர்மேன் இருந்தார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்தான் அதிகம் ஏசினார்.

"ஏம்மா, நீ கரண்டு ஆபீஸ்ல இருக்கியா, இல்ல டிராபிக் போலீஸா? நாளைக்கு வேட்டியையும் அவுத்து வச்சிட்டுப் போகச் சொல்லுவ போல!"

"வேட்டி வேண்டாம் அண்ணாச்சி. சாவி போதும்" என்றேன்.

எனக்குச் 'சாவிக்காரி' என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும்.

அந்த வருடம் என் பெயர் பதவி உயர்வுப் பட்டியலுக்குப் போயிருந்தது. சித்திரை வெயிலில் ஒரு நாள் காலை, அதே வயர்மேன் சாவியை மேஜையில் விட்டெறிந்துவிட்டு உப்பளத்து லைனுக்குப் போனார். அந்தக் காற்றில் கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர் பீங்கானில் உப்பு படிந்து பொரியும். அதைத் துடைக்கிற வேலை. பதினோரு மணிக்கு அதே லைனில் இருக்கும் ஒரு கட்டடத்துக்குத் திறப்பு விழா. பெரிய மனிதர் வருகிறார், மைக் செட் காத்திருக்கிறது. பதினோரு மணி ஆனதும் அதிகாரி போன் செய்தார்.

"எல்லாரும் எறங்கியாச்சு. சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. லைனப் போடு."

"லைன் கிளியர் வாங்கினவரு இன்னும் வரல சார். சாவி இங்கனதான் கிடக்கு."

"சாவியாம் சாவி! உன் புரமோஷன் பைலு என் மேசையில கிடக்கு. அது தெரியும்லா?"

"தெரியும் சார்."

"அப்போ போடு."

பயம் இல்லை என்று சொன்னால் பொய். பன்னிரண்டு வருடம் அந்தப் பதவிக்காகக் காத்திருந்தேன். வயர்மேன் போனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. சாவியைப் பார்த்தேன். அதில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மீன் தொங்கியது. "அவரு வராமப் போட மாட்டேன் சார்" என்று சொல்லி போனை வைத்தேன். அது மறுபடி மூன்று முறை அடித்தது. நான் எடுக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து வயர்மேன் நடந்தே வந்தார். கையெல்லாம் உப்பு. அதிகாரி சொன்னதைச் சொன்னேன். அதன் பிறகுதான் அவர் நடந்ததைச் சொன்னார்.

வேலை முடிந்து மற்றவர்கள் எர்த் கம்பியைக் கழற்றிக்கொண்டு வேனில் ஏறியிருக்கிறார்கள். சற்றுத் தள்ளி ஒரு கம்பத்தில் பீங்கான் விரிசல் விட்டிருப்பதை இவர் பார்த்திருக்கிறார். "நீங்க போங்கல, நான் பின்னால வாரேன்" என்று வேனை அனுப்பிவிட்டு, போனைச் சட்டையோடு கீழே வைத்துவிட்டுத் தனியாக ஏறியிருக்கிறார். லைன் கிளியர் தன்னிடம்தானே இருக்கிறது என்ற தைரியம். வேன் திரும்பியதைப் பார்த்ததும் எல்லாரும் இறங்கியாயிற்று என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

"பதினோரு மணிக்கு நான் மேலதாம்மா இருந்தேன்" என்றார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், சாவியை எடுத்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். "இனிமே இந்தச் சாவிக்காக உன்ன ஏசுனேன்னா என்னைச் செருப்பாலயே அடி."

எனக்கு மெமோ வந்தது. மின் விநியோகத்தைத் தாமதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டார்கள். 'லைன் கிளியர் வாங்கியவர் திரும்பி வரவில்லை' என்று ஒரே வரி எழுதினேன். வருத்தம் தெரிவிக்கச் சொன்னார்கள். தெரிவிக்கவில்லை. அந்த வருடம் பட்டியலில் என் பெயர் இல்லை. எனக்குப் பின்னால் சேர்ந்தவர் எனக்கு மேலே போனார். அடுத்த வருடமும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

அந்த அதிகாரி மாற்றலாகிப் போன பிறகுதான் ஆணை வந்தது. வேம்பார்ப் பக்கம் ஒரு துணை மின் நிலையத்துக்கு நான் பொறுப்பாளர். முதல் நாள் காலை உள்ளே நுழைந்தேன். முன்பின் தெரியாத ஒரு வயர்மேன் லைன் கிளியர் நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்ததும், யாரும் கேட்காமலே பைக் சாவியை எடுத்துச் சுவரில் அடித்திருந்த ஆணியில் மாட்டினார்.

"அது எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இங்கன அப்படித்தாம்மா. தூத்துக்குடியில ஒரு பொம்பள ஆரம்பிச்சு வச்சதாம். சரியான வாயாடியாம். சாவி வராம கலெக்டரே சொன்னாலும் லைனப் போடமாட்டாளாம்."

"அப்படியா?" என்றேன். அவர் வேனில் ஏறிப் போனார்.

பதவி உயர்வு ஆணையை வீட்டில் எங்கே வைத்தேன் என்றுகூட இப்போது சட்டென்று சொல்ல முடியாது. ஆனால் தினமும் காலையில் அந்த ஆணியில் ஒரு சாவி தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், எனக்குக் கிடைத்த பெரிய பதவி அந்த 'வாயாடி'தான் என்று நிமிர்ந்து உட்காருகிறேன்.