நரிக்கல் கரட்டில் மஞ்சள் அம்புக்குறிகள்

பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நரிக்கல் கரட்டுக்குப் போய்விட்டு வந்தோம். "பாதையை யாரோ முள்ளு போட்டு அடைச்சுட்டாங்களாமே, உண்மையா?" என்று அதற்குப் பிறகு நாலைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். உண்மைதான். யார் அடைத்தார்கள், எதற்கு அடைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் தயவுசெய்து கிளம்பிவிடாதீர்கள். எங்களை மாதிரி அசிங்கப்பட்டு நிற்பீர்கள்.

நான் தருமபுரியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வாரத்தில் எனக்கென்று கிடைப்பது இந்த ஒரு நாள்தான். மாதம் ஒரு ஞாயிறு பக்கத்துக் கரடுகளில், அதாவது சின்னப் பாறைக்குன்றுகளில், ஏறி அங்கே கிடக்கிற குப்பையைப் பொறுக்கிக்கொண்டு இறங்குகிற குழு ஒன்றில் இருக்கிறேன். எல்லோருக்கும் பச்சை டீ-சர்ட் உண்டு. முதுகில் 'பொது நிலம் காப்போம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஒருங்கிணைப்பாளர் செல்வம் சார், கணக்கு வாத்தியார். கார்த்திகையில் முதல்முறை போனபோது குழுவில் பாதிப் பேர் வழி தவறி யாரோ ஒருவருடைய தக்காளித் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டார்கள். அதனால் மார்கழியில் சார் தனியாகப் போய் வழிக்கு அடையாளம் போட்டுவிட்டு வந்ததாக வாட்ஸப்பில் சொன்னார். எல்லோரும் கட்டைவிரல் தூக்கினோம். என்ன அடையாளம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

போகிற வழியைச் சொல்லிவிடுகிறேன். தருமபுரி பேருந்து நிலையத்தில் பென்னாகரம் டவுன் பஸ் ஏறி இண்டூரில் இறங்க வேண்டும். அரை மணி நேரம் ஆகும். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, ஆண்களுக்குப் பதினைந்து ரூபாய். அங்கிருந்து அடிவாரம் ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது. கரடு முழுக்க அரசுப் புறம்போக்கு. காப்புக்காடு இல்லை என்பதால் வனத்துறை அனுமதி வேண்டியதில்லை. அடிவார ஊர்க்காரர்களுக்கு மேய்ச்சல் நிலமும் அதுதான்.

ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டு என்று முடிவு செய்திருந்தோம். ஆறரைக்கு வந்தது நானும் சாரும் மட்டும். மற்றவர்கள் ஏழேகால் வரை ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் கையில் ப்ளூடூத் ஸ்பீக்கர் வேறு. காட்டுக்குப் போவது சத்தம் இல்லாமல் இருக்கத்தானே என்று கேட்டால், "ஒரு எனர்ஜிக்குங்க" என்கிறார். இவர்களை வைத்துக்கொண்டு எந்த நிலத்தைக் காப்பது?

இண்டூரில் ஆட்டோக்காரர் லேசாகச் சொல்லிப் பார்த்தார். "நரிக்கல் கரடுங்களா? அங்க ஊர்க்காரங்க என்னமோ கோவமா இருக்காங்கன்னு கேள்விங்க."

"நம்ம மேல என்ன கோவம்? நாம குப்பை பொறுக்கறவங்க" என்றார் சார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடிவாரத்தில் வண்டிப்பாதை கரட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேல முள் அடுக்கிக் கிடந்தது. ஆடுகூட நுழைய முடியாது. எங்கள் ஆட்களுக்கு வந்த ஆவேசத்தைப் பார்க்க வேண்டுமே! ஆக்கிரமிப்பு என்றார் ஒருவர். இன்னொருவர் போனை நீட்டிப் படம் எடுக்க, சார் முள்ளுக்கு முன்னால் நின்று பொதுப் பாதையின் சட்ட நிலவரத்தை விளக்க ஆரம்பித்தார். எனக்கும் கோபம்தான். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்தவள் நான்.

அந்த நேரத்தில் பத்துப் பன்னிரண்டு ஆடுகளோடு ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும், தோளில் தழை பறிக்கிற தொரட்டி. மாதம்மா என்று பெயர் பிறகுதான் தெரிந்தது. எங்கள் டீ-சர்ட்டுகளை மேலும் கீழும் பார்த்தார்.

"மறுபடியும் அளக்க வந்துட்டீங்களா?"

"அம்மா, இது கவர்மெண்ட் பாதை. அடைக்க யாருக்கும் உரிமை இல்லீங்க. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுப்போம்" என்றார் சார்.

"குடுங்க. நாங்களும் குடுக்கத்தான் போறோம். கல்லுக்கெல்லாம் நம்பர் போட்டுட்டுப் போனது உங்க கம்பெனிதானே?"

முள்ளுக்கு அந்தப் பக்கம் இருந்த பாறையைத் தொரட்டியால் காட்டினார். மஞ்சள் பெயிண்டில் பெரிய அம்புக்குறி, பக்கத்தில் 100 என்று எழுதியிருந்தது. அந்த மஞ்சளை எனக்குத் தெரியும். கடைக்குப் போகும்போது தினமும் பார்க்கிற மஞ்சள். செல்வம் சார் வீட்டு கேட்.

படம் எடுத்தவர் போனை இறக்கினார். சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது நூறு மீட்டருங்க. வர்றவங்களுக்கு தூரம் தெரியட்டும்னு போட்டது. வூட்டு கேட்டுக்கு அடிச்ச பெயிண்ட் மிச்சம் இருந்துச்சு."

மாதம்மா தெற்கே கை நீட்டினார். "அந்தாண்ட கரட்டப் பாருங்க. அங்கியும் மொதல்ல பெயிண்ட்டுதான் வந்துச்சு, இதே மாதிரி நம்பரு. அப்பறம் மிஷினு வந்துச்சு. இப்ப பாதிக் கரடுதான் நிக்குது. எங்களுக்கு இருக்கறது இந்த ஒண்ணுதாங்க. இதுவும் போச்சுன்னா ஆட்ட எங்க ஓட்டறது?"

தெற்கே அந்தக் கரடு மைசூர்பாகைக் கத்தி வைத்து அறுத்தது போல நேராக வெட்டப்பட்டு நின்றது. நவம்பரில் அதைப் பின்னணியாக வைத்து நாங்கள் படம் எடுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. பாறைக்கு மீட்டர் கணக்கில் எண் போட வேண்டும் என்று இந்த உலகத்தில் ஒரு கணக்கு வாத்தியாருக்குத்தான் தோன்றும்.

ஊர்க்காரர்கள் மேலும் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. கல் வெட்ட வருகிறவன் முள்ளைப் பார்த்துப் பயந்து திரும்பிப் போய்விடுவானா? அதை நேராகவே கேட்டுவிட்டேன்.

"வேற என்னங்க பண்றது? எங்க கையில இருந்தது முள்ளுதான்" என்றார் மாதம்மா. "போட்டத அழிச்சுக் குடுங்க. அப்பறம் மேல போங்க."

அழிப்பதற்குத் தின்னர் வேண்டும், கம்பி பிரஷ் வேண்டும். சார் இண்டூருக்கே திரும்பிப் போய் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஹார்டுவேர் கடை திறக்கவே பத்து மணி ஆகிவிட்டதாம். அதற்குள் எங்களில் ஆறு பேர், "ட்ரெக்கிங் வந்தோமா, கல்லு கழுவ வந்தோமா?" என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஸ்பீக்கர்காரரும் போய்விட்டார். அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அது.

மாதம்மா முள்ளை ஒரு ஓரமாக இழுத்து வழி விட்டார். மிஞ்சிய பதினோரு பேரும் தேய்த்துக்கொண்டே ஏறினோம். நூறு மீட்டருக்கு ஒன்று என்றுதான் நினைத்தேன். திருப்பத்துக்குத் திருப்பம் கூடுதலாகவும் போட்டு வைத்திருக்கிறார் மனுஷன். தின்னர் வாடை தலையைச் சுற்றியது. "ஆடு நக்கிருமுங்க, தண்ணி ஊத்திக் கழுவுங்க" என்று மாதம்மா பின்னாலேயே வந்து விரட்டினார். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரெல்லாம் பாறைக்குப் போனது. சார் எல்லோரையும்விட அதிகமாகத் தேய்த்தார். திட்டலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன்.

அடிவாரத்திலிருந்து உச்சி வரை பாதை 1600 மீட்டர். சாரின் கணக்குத்தான், அதில் மட்டும் தப்பு வராது. அங்கே ஒரு சுனை இருக்கிறது. தை மாதத்தில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது. பென்னாகரம் பக்கத்துக் காடுகள் நீலமாகத் தெரியும். காற்று அள்ளிக்கொண்டு போகும். இத்தனை எரிச்சலுக்கு நடுவிலும் வந்தது வீண்போகவில்லை என்று அங்கேதான் தோன்றியது.

கடைசி அம்புக்குறியை அழித்துவிட்டு, இன்னும் ஏதாவது விட்டுவிட்டோமா என்று சுனைக்குப் பின்னால் இருக்கிற பெரிய பாறையைச் சுற்றிப் போனேன். அங்கே ஒரு சிவப்பு வட்டம். நடுவில் ஒரு கோடு, பக்கத்தில் 7 என்று ஒரு எண்.

"சார், சிவப்பிலயும் போட்டீங்களா?" என்று கத்தினேன்.

பிரஷோடு ஓடி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "என்கிட்ட சிவப்பே கிடையாதுங்க. இது நான் போட்டதில்ல."

மாதம்மா கிட்டே போய் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது எப்ப வந்துச்சுன்னே தெரியலீங்க" என்றார். "முள்ளு போட்டதுல இருந்து நாங்களும் மேல வரல. ஆட்டக் கீழயே மேய்ச்சிட்டு இருந்தோம்."

பாறைக்குப் பின்னால் கரட்டின் மறுபக்கச் சரிவில் செடிகளை நசுக்கிக்கொண்டு ஏதோ வண்டி ஏறி வந்திருக்கிற தடம் இருந்தது. அந்தப் பக்கம் முள்ளும் இல்லை, ஆளும் இல்லை. எங்கள் மஞ்சளுக்குப் பயந்து அவர்கள் முன்வாசலை அடைத்தார்கள். அந்த ஒரு மாதத்தில் எவனோ பின்வாசல் வழியாக வந்துவிட்டுப் போயிருக்கிறான்.

சார் பிரஷைத் தூக்கினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழித்துவிட்டால் எதைக் காட்டி யாரிடம் கேட்பது? எல்லாப் பக்கமும் நின்று படம் எடுத்தோம். மறுநாள் ஊர்க்காரர்கள் முள்ளை முழுதாக எடுத்துவிட்டார்கள். முந்தின நாள் கலெக்டருக்கு மனு கொடுப்பதாக மிரட்டிய அதே செல்வம் சார், மனுவை ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து எழுதினார். தாலுகா அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். இதை எழுதுகிற வரை பதில் இல்லை.

போகிறவர்களுக்கு என் புத்திமதி கொஞ்சம்தான். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கடை கிடையாது. ஒன்பது மணிக்குள் உச்சிக்குப் போய்விடுங்கள், அதற்குப் பிறகு பாறை சுடும். பெயிண்ட், சுண்ணாம்பு, ரிப்பன் எதுவும் வேண்டாம். வழி தெரியாவிட்டால் கேளுங்கள், ஊரில் எல்லோருக்கும் வாய் இருக்கிறது. கரட்டுக்கு ஆள் வந்து போய்க்கொண்டிருப்பது நல்லது என்பதால் தயவுசெய்து போகாமலும் இருந்துவிடாதீர்கள்.

உச்சிக்குப் போனதும் உட்கார்ந்து இட்லியைப் பிரிப்பதற்கு முன்னால் சுனைக்குப் பின்னால் இருக்கிற பாறைகளைச் சுற்றிப் பாருங்கள். சிவப்பு அடையாளம் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவது கண்ணில் பட்டால் தொடாமல் படம் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். அடிவாரத்தில் பாதை முடிகிற இடத்தில் ஆட்டுப்பட்டி வைத்த முதல் வீடு மாதம்மாவுடையது. அவரிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.