செவ்வாய் மதியம் 2.41

"செவ்வாய், 2.41: மின்சாரம் போனது. 2.58: வந்தது. சர்வரை யாரும் தொடவில்லை." 2006 ஜூலைக் குறிப்பேட்டில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது. கடைசி வரி தவறு. எழுதும்போது எனக்கு அது தெரியாது.

ஊட்டி பக்கம் கேத்தியில் ஒரு குழந்தைகள் கிளினிக்கின் நோயாளி விவரங்களை, அதே ஊரில் இருந்த எங்கள் அலுவலக சர்வரில் பராமரிப்பது எங்கள் வேலை. இடிமழையில் யுபிஎஸ்ஸும் கைவிட, டேட்டாபேஸ் பாதி வேலையில் அணைந்துபோயிருந்தது. மூன்றரைக்குக் கிளினிக்கிலிருந்து நாகர்கோவில்கார நர்ஸ் போன் செய்தார்.

"தம்பி, கரண்ட் போறதுக்குச் சித்த முன்னாடி ஒரு பிள்ளைக்குப் பெனிசிலின் ஆகாதுன்னு அடிச்சேன். காலையிலேருந்து நாப்பது பிள்ளைங்க. எந்தப் பிள்ளைன்னு நெனவு வரல. உள்ள இருக்கான்னு பாருங்க."

சர்வர் அறையில் என் சகா முகத்தைத் தொங்கப்போட்டு நின்றான்.

"பாஸ், கரண்ட் வந்ததும் நீங்க டீ வாங்கப் போனப்ப டேட்டாபேஸை ஸ்டார்ட் பண்ணேன். பத்து நிமிஷம் அப்படியே நின்னுச்சு. ஹேங் ஆயிடுச்சுன்னு கில் பண்ணி நிறுத்திட்டேன்."

"அது ஹேங் இல்லப்பா. விட்டுப்போனதை அதுவே சரி பண்ணிக்கிட்டு இருந்துச்சு. எத்தனை தடவை?"

"ரெண்டு." கொஞ்சம் பொறுத்து, "மூணு."

திட்டக்கூடத் தெம்பில்லை. இருந்த கோப்புகள் அத்தனையையும், குப்பை போலத் தெரிந்தவை உட்பட, வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்தேன். ஒன்றேகால் மணி நேரம். பிறகு அசலைத் தொடாமல் நகலில் ஸ்டார்ட் செய்தேன். திரை அசையவில்லை. அவன் விரல்கள் கீபோர்டுப் பக்கம் போயின.

"கையக் கட்டிக்கிட்டு உக்காரு."

"லோன் ஆஃபீசர் முன்னாடி உக்காந்த மாதிரி இருக்கு பாஸ்."

ஐந்தேகாலுக்கு அது எழுந்தது. கடைசிப் பதிவின் நேரம் 2.36. அதற்குப் பின் எதுவும் இல்லை. பெனிசிலின் பற்றி அன்று ஒரு பதிவும் இல்லை. அவன் நிறுத்தியதால் போனதா, மின்சாரத்தோடே போனதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நர்ஸிடம், பதிவு இல்லை, எதனால் போனது என்று தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன். "சரி, வரவேற்பில பேப்பர் லிஸ்ட் இருக்கு. வீடு வீடா கூப்பிடுதேன்," என்றார்.

ஏழு மணிக்குள் முப்பத்தெட்டு வீடுகளில் பேசிவிட்டார். ஒரு தாய், தன் மகனுக்கு அந்த மருந்து ஆகாது என்றும், அன்றுதான் கிளினிக்கில் யாரிடமோ சொன்னதாகவும் சொன்னார். அவன் பெயரில் பதிவைத் திரும்ப ஏற்றினோம். இரண்டு வீடுகளில் யாரும் போனை எடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க எடுக்கவில்லை.

நர்ஸ் அன்று அடித்தது அந்தப் பையனுக்குத்தானா, போனை எடுக்காத வீட்டுப் பிள்ளைக்கா என்பதை நான் இதுவரை உறுதிசெய்யவில்லை.