டிராஃபிக்கம்மா உட்கார்ந்து பார்த்த தலைநகரம்

ஊரில் அவரை எல்லோரும் டிராஃபிக்கம்மா என்றுதான் சொல்வார்கள். பேருந்து நிலையத்துக்கு முன்னால் நான்கு சாலைகள் முட்டிக்கொள்ளும் இடத்தில், போக்குவரத்துக் காவலராக நின்றே பணிக்காலம் முழுவதையும் கழித்தவர். விசிலை வாயில் வைத்தால் ஆம்புலன்ஸைத் தவிர அத்தனையும் நிற்கும். நின்று நின்று, கடைசியில் முழங்கால் இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்தன.

ஓய்வு பெற்றதும் அவர் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றுதான். தலைநகரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கணவர் எலெக்ட்ரீஷியன். மறுபேச்சில்லாமல் ரயில் டிக்கெட்டும் விடுதி அறையும் பதிவு செய்தார். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது கணவருக்குச் சிறுநீரகக் கல் வலி வந்து சுருண்டு படுத்துவிட்டார். பயணம் கூடவே கூடாது என்றார் டாக்டர்.

"விடுங்க, இன்னொரு தடவை போலாம்" என்றார் டிராஃபிக்கம்மா.

"அந்த இன்னொரு தடவை வராது. என்னைப் பையன் பாத்துக்குவான். நீ என் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போ."

டிராஃபிக்கம்மாவுக்குத் திக்கென்றது. நாத்தனாருக்குப் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர் வேலை. வெடுக்கென்று பேசுகிறவள். இருவருக்கும் நடுவே சண்டை என்று ஒன்றும் கிடையாது, ஒட்டுதலும் கிடையாது. விசேஷங்களில் பார்த்தால் "சாப்பிட்டீங்களா அண்ணி?", "ஆச்சும்மா" என்பதோடு சரி. ரயிலிலும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள்.

முதல் நாள் போர் நினைவுத் தூணுக்குப் போனார்கள். உள்ளே சுழன்று சுழன்று ஏறும் படிக்கட்டு. உச்சியில் நின்றால் ஊரே தெரியுமாம். டிராஃபிக்கம்மா நிமிர்ந்து பார்த்தார், குனிந்து முழங்காலைப் பார்த்தார்.

"நீ போயிட்டு வாம்மா. பையை நான் வெச்சிருக்கேன்."

அடுத்துப் போன பழைய அரண்மனையிலும் படிகள். அதற்கடுத்த கோட்டை மதிலிலும் படிகள். தலைநகரில் முதல் நாள் அவர் நன்றாகப் பார்த்தது நாத்தனாரின் கைப்பையைத்தான்.

ராத்திரி கணவர் போனில் கேட்டார். "என்னென்ன பாத்தே?"

"எல்லாம் பாத்தாச்சு. ரொம்ப அழகு" என்றார் டிராஃபிக்கம்மா. தலை வாரிக்கொண்டிருந்த நாத்தனாரின் கை ஒரு நொடி நின்றது.

மறுநாள் கலை அருங்காட்சியகம். வாசலில் பைகளை வாங்கி வைக்கும் பெண், டிராஃபிக்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வருவதைக் கவனித்துவிட்டாள்.

"அம்மா, வீல்சேர் இருக்கு. எடுத்துக்குங்க, காசெல்லாம் கிடையாது."

"எனக்கா? நான் என்ன சீக்காளியா? நடந்துதானே வரேன்."

"உள்ள போனா ரூம் ரூமா போயிட்டே இருக்கும்மா."

"அதெல்லாம் நான் சமாளிச்சுக்குவேன்."

அந்தப் பெண் கொண்டுவந்து நிறுத்திய சக்கர நாற்காலியில் நாத்தனார் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அப்ப என்னைத் தள்ளுங்க அண்ணி. நேத்து உங்களுக்கும் சேத்து நான்தானே படி ஏறினேன்? எனக்குக் கால் விட்டுப்போச்சு."

வேறு வழியில்லாமல் டிராஃபிக்கம்மா தள்ளினார். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருந்ததால் முதல் கூடம் சிரமமில்லாமல் கடந்தது. இரண்டாவது கூடத்துக்குள் வியர்த்துக்கொட்ட நுழைந்தபோது அங்கிருந்த காவலாளி எழுந்தே வந்துவிட்டார்.

"ஏம்மா, உனக்கே நல்லாயிருக்கா? பெரியவங்களைத் தள்ளவிட்டு நீ சொகுசா உக்காந்திருக்கே?"

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீங்களா அண்ணி? என் மானம் போகுது. இப்பவாவது மாறிக்கலாமா?"

டிராஃபிக்கம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்த சிரிப்பில் நிற்கவும் முடியவில்லை. நாத்தனார் எழுந்துகொடுத்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நாத்தனாருக்கு ஓட்டத் தெரியவில்லை. கதவு நிலையில் ஒரு தரம் இடித்தாள், திருப்பத்தில் ஒரு தரம் தடுமாறினாள். எதிரே ஒரு குடும்பம் கூட்டமாக வந்தபோது டிராஃபிக்கம்மாவின் கை தன்னால் உயர்ந்தது. குடும்பம் மொத்தமும் அப்படியே நின்றது.

கப்பல்கள், குதிரைகள், மார்பு நிறையப் பதக்கம் குத்திய தளபதிகள் என்று சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒரு மூலையில் சின்ன ஓவியம் ஒன்று இருந்தது. ஜன்னலோரம் ஒரு பெண், கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான்.

"நிறுத்தும்மா."

வருகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். டிராஃபிக்கம்மா நகரவில்லை.

"இதுல என்ன அண்ணி இருக்கு? சும்மா உக்காந்திருக்கா."

"அதான். சும்மா உக்காந்திருக்கா. யாரும் அவளை எழுப்பல பாரு."

நாத்தனார் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். டிராஃபிக்கம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"ரோட்டுல எவ்வளவோ முகம் பாத்திருக்கேன். எதையும் ரெண்டாந்தரம் பாக்க நேரம் இருக்காது, அதுக்குள்ள அடுத்த வண்டி வந்துடும். இவளை எவ்வளவு நேரம் வேணா பாக்கலாம் போல இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "உன்னாலதாம்மா" என்றார்.

"நான் என்ன பண்ணேன்? நேத்து பூரா உங்களைப் பை காக்க வெச்சேன்" என்றாள் நாத்தனார். "அண்ணன்கிட்ட எல்லாம் பாத்தாச்சுன்னு சொன்னீங்களே, அப்பவே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"போனா போகுது. நல்ல பைதான் அது."

மூடும் மணி அடிக்கும்வரை பார்த்தும் பாதிதான் முடிந்திருந்தது. வாசலில் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தபோது டிராஃபிக்கம்மா பைக்காரப் பெண்ணிடம் ஏதோ சொல்ல வந்தார்.

"இதுக்குப் போயி என்னம்மா! ஒரு ஓரமா சும்மாதானே கிடக்கு" என்றாள் அவள்.

டிராஃபிக்கம்மா நிமிர்ந்து நின்றார். குதிகால்களைச் சேர்த்து, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். அந்தப் பெண் பதறிப்போய், கையிலிருந்த யாருடைய குடையையோ நெற்றிக்கு உயர்த்திப் பதில் சல்யூட் வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

அடுத்த வருடம் டிராஃபிக்கம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. நாத்தனார் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலேயே தங்கினாள். பார்க்காமல் விட்ட கூடங்களின் படங்களைப் போனில் ஒவ்வொன்றாகக் காட்டி, அடுத்த தடவை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கட்டிலருகே ஓயாமல் வாதாடினாள். ஊசி போட வந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"உங்க பொண்ணாம்மா?"

"இல்லம்மா. நாத்தனார்."

"நாத்தனாரா!" நர்ஸ் ஊசியைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். "பரவாயில்லையே. இப்படியெல்லாம் கிடைக்குமா?"

"கிடைச்சிருக்கே" என்று சொல்லி, டிராஃபிக்கம்மா கையை நீட்டினார்.