முதுகுக்குச் சொன்னது

லண்டனில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் லொறி போகுமளவுக்கு அகலமான பாதை. அதிலும் நானும் மனைவியும் மகளும் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடப்போம். அப்படி நடக்கிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் ரோஜாப் பாத்தியருகே நின்றபோது, ஒரு வெள்ளைக்காரம்மா வந்து மகளின் பின்னால் நின்றுகொண்டு, இந்தக் கியூ எதற்கு, ஐஸ்கிரீமுக்கா என்று பணிவாகக் கேட்டார். கியூ இல்லை, நாங்கள் ஒரு குடும்பம் என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல் இன்னும் கொஞ்சம் நின்றார். நீங்கள் சிரிப்பீர்கள். பதின்மூன்று வயது மகளுக்கு மானம் போய்விட்டது. அன்றிலிருந்து பூங்காவில் இருபதடி தள்ளி நடந்தாள்; வீட்டுக்குள்ளும் அதே இருபதடி. கேட்டால், ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் கிடந்து தவித்தேன்.

இலங்கையில் நான் வளர்ந்த ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பாதை என்றால் ஒரு பாத அகலம். இருபுறமும் இடுப்பளவு தேயிலை, குறுக்கே தண்ணீர் ஓடும் கான்கள். பொங்கலுக்கு மறுநாள் இறம்பொடை அருவிக்குப் போக, சோற்றுப் பார்சல்களோடு எங்கள் லயத்து வரிசை வீட்டிலிருந்து வேன் நிற்கும் ரோட்டுக்கு இறங்குவோம். முன்னால் அப்பா, கடைசியில் நான். அப்பா சொன்ன வேடிக்கை அம்மா வாய், அக்கா வாய் என்று இறங்கி என்னிடம் வந்து சேரும்போது, அவர் சிரித்து முடித்து அடுத்த வளைவில் இருப்பார்.

போன டிசம்பரில் ஊருக்குப் போனோம். இன்றும் கொழுந்து பறிக்கும் அக்கா, மலைக்கு மேலே இருக்கும் சின்ன அருவிக்கு எங்களைக் கூட்டிப்போனாள். மகள் அத்தையின் கையைப் பிடித்துப் பக்கத்திலேயே நடக்கப் பார்த்தாள். மூன்றாவது எட்டில் ஒரு கால் கானுக்குள்.

“பின்னுக்கு வா பாப்பா. நா மிதிச்ச எடத்துல மிதி.”

“மொகமே தெரியலையே அத்த. எப்பிடிப் பேசுறது?”

“மொகத்தப் பாத்தாதான் பேச்சு வருமோ மகாராணிக்கு? ஒங்கப்பன் பரீட்சையில கோட்ட விட்டதெல்லாம் என் முதுகுக்குத்தான் சொன்னான்.”

அத்தை மிதித்த இடங்களிலேயே மிதித்து நடந்தாள். பிறகு மகள் அந்த முதுகுக்குச் சொன்னாள், பாதித் தமிழிலும் பாதி இங்கிலீசிலும். பள்ளிக்கூடத்தில் கூட்டாளிகள் அவளை ஒதுக்கிவிட்டார்களாம். மூன்று மாதமாகத் தனியாகத்தான் சாப்பிடுகிறாளாம். பின்னால் வந்த எனக்குக் கால் நின்றுபோனது. அக்கா திரும்பவில்லை. எவ்வளவு புரிந்ததோ, “அப்பறம்?” என்று மட்டும் கேட்டாள். அருவி வரும்வரை ஐந்தாறு தடவை அதையே கேட்டாள். அங்கே போய்ச் சேர்ந்ததும் முதல் கைத் தண்ணீரை அத்தை மேல் அடித்தவள் மகள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை, அதே பூங்கா. மகள் பின்னால் வேகமாக வந்தாள். தாண்டிப் போகட்டும் என்று ஒதுங்கினேன். போகவில்லை, என் முதுகுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டாள்.

“அப்பா, திரும்பாம நடங்க.”

பேச ஆரம்பித்தாள். திரும்பிப் பார்க்கச் சொல்லிக் கழுத்து கெஞ்சியது. “அப்பறம்?” என்றேன். இரண்டு பக்கமும் வெட்டவெளிப் புல். அங்கே இல்லாத தேயிலைக்கு வழிவிட்டு என் முழங்கைகள் தாமாகவே ஒடுங்கிக்கொண்டன.