அண்ணன் கை நனைக்காமல் போன காப்புக்கட்டு

எங்கள் அண்ணன் மறைந்து இந்த ஆவணியோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அண்ணி கேட்டபோது என்னால் முடியாது என்றுதான் சொன்னேன். அண்ணனைப் பற்றி உள்ளபடி எழுதினால் அவர் செய்த தவறையும் எழுத வேண்டும், மலரில் யாராவது அதையெல்லாம் எழுதுவார்களா என்று கேட்டேன். "அதை எழுதாம உட்டா அவரு உன்னையச் சும்மா உடமாட்டாரு அம்மணி" என்றார் அண்ணி. ஆகவே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது காங்கேயத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில். மழையை நம்பிய காடும் நான்கு மாடுகளும்தான் எங்களுக்கு இருந்தவை. கிணற்றுத் தண்ணீர் கடும் உப்பு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்ததால்தான் நம் குடும்பத்தில் ஆளுக்கொரு சிறுநீரகக் கல் என்று அண்ணன் சொல்வார். உண்மையோ பொய்யோ, அவருக்கு முதல் கல் இறங்கியபோது வயது இருபத்திரண்டு. வலி தாங்காமல் மாட்டுக்கொட்டகையில் உருண்டவர், கல் விழுந்ததும் அதைக் கழுவி எடுத்துவந்து, ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி எங்களிடம் காட்டினார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சீ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அப்பா தவறிவிட்டதால் குடும்பப் பொறுப்பு அண்ணன் தலையில் விழுந்திருந்தது. லாரியில் கிளீனராகப் போய், ஓட்டக் கற்று, கடைசியில் கோவையில் உக்கடத்திலிருந்து புறப்படும் தனியார் டவுன் பஸ்ஸில் டிரைவராக அமர்ந்தார். முப்பது ஆண்டுகள் அந்த வேலைதான். பின்னால் வரும் வண்டி முந்திவிடக்கூடாது, டைம் தவறக்கூடாது. வழியில் இறங்கி ஒதுங்க நேரம் இருக்காது என்பதால் காலையில் வண்டி எடுத்தால் மதியம்வரை தண்ணீரே குடிக்க மாட்டார். கற்கள் வந்துகொண்டே இருந்தன. இறங்கிய கற்களையெல்லாம் ஒரு சின்ன ஓமியோபதி மருந்துப் புட்டியில் போட்டு, பஸ்ஸில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். உங்கள் சொத்து பெருகிக்கொண்டே போகிறது என்று நான் கேலி செய்வேன்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனார். தோட்டம் எவ்வளவு, பையன் என்ன படித்திருக்கிறான் என்று ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கி முழுவதையும் குடித்தார். திரும்பி வந்து அம்மாவிடம், "பருப்பு வேகற ஊருங்கம்மா, குடுத்துறலாம்" என்றார். வாய்க்கால் பாயும் ஊருக்கு, வாழையும் நெல்லும் விளையும் வீட்டுக்கு, நான் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

ஒவ்வொரு ஆண்டும் பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக்கட்டு அன்று, அண்ணன் சீர் கொண்டு வருவார். கரும்பு, வெல்லம், புடவை எல்லாவற்றுக்கும் மேலே பெரிய கட்டாகப் பூளைப்பூ இருக்கும். விடியற்காலையில் ஊருக்குப் போய் எங்கள் பழைய காட்டில் அவரே பறித்தது. பாதியை வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்து எங்கள் வீட்டுக் கூரையோரம் செருகுவார். மீதியை நிழலில் காயவைக்கச் சொல்வார். அது கல்லுக்குக் கஷாயம். சொந்தக்காரர்களுக்கும், உக்கடம் பஸ் ஸ்டாண்டில் இருந்த டிரைவர், கண்டக்டர் அத்தனை பேருக்கும் அவர்தான் கல் டாக்டர். எங்கள் வீட்டுக்காரருக்கும் ஒருமுறை அந்தக் கஷாயத்தோடு ஒரு கல் இறங்கியது. அன்றிலிருந்து மச்சான் சொல்வதுதான் அவருக்கு வேதவாக்கு. நான் சொல்வதற்கு அந்த மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை.

இனித் தவறைச் சொல்கிறேன்.

அண்ணனின் இடது சிறுநீரகத்தில் ஒரு பெரிய கல் பல ஆண்டுகளாக இறங்காமல் கிடந்தது. எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் இருமுறை சொன்னார்கள். வலியில்லாமல் கிடப்பதை எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டார். அவ்வப்போது காய்ச்சலும் நீர்க்கடுப்பும் வரும். மாத்திரை போட்டால் போய்விடும். ஒரு கோடையில் வலியே இல்லாமல் சிறுநீர் சிவப்பாகப் போனது. கல் நகர்கிறது என்று கஷாயம் குடித்தார். நான்கு நாளில் நின்றது. கஷாயம் கேட்டது என்று நினைத்தார். அடுத்த மாதம் மறுபடி வந்தது, மறுபடி நின்றது. எனக்கு போனில் சொன்னபோது நான் செய்த காரியம், கோவைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு கட்டு வாழைத்தண்டு போட்டு அனுப்பியதுதான். மூன்று முறை அனுப்பினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

தீபாவளி கழிந்து உடம்பு இளைத்து, விலாவில் வலி வந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். கல்லைச் சுற்றிப் புற்று வளர்ந்திருந்தது. கல்லே கட்டியாகிவிட்டதா என்று அண்ணி கேட்டார். அப்படி இல்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். கல் ஒரே இடத்தில் பல ஆண்டுகள் கிடந்து உரசி, அடிக்கடி கிருமியும் சேர்ந்தால், உள்தோல் புண்ணாகி ஆறி மறுபடி புண்ணாகும். சிலருக்கு அந்த இடத்தில் இப்படி வரலாம். கல் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வராது. இவருக்கும் கல்லால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கல் இருந்ததால் சிவப்பைப் பார்த்தும் யாரும் சந்தேகப்படவில்லை, அதனால்தான் காலம் போய்விட்டது என்றார். வலியில்லாமல் ஒரே ஒருமுறை சிவப்பாகப் போய் நின்றுவிட்டாலும் உடனே வந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

அதைக் கேட்டதும் அண்ணனின் முகம் மாறியதாக அண்ணி சொன்னார். காரணம் அப்போது அண்ணிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் வீட்டுக்காரருக்கும் அந்த ஆண்டு ஆடியில் வலியில்லாமல் இரண்டு முறை சிவப்பாகப் போயிருந்தது. மச்சானிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். மச்சான் கஷாயம் சொல்லியிருக்கிறார். தங்கச்சி பயந்துகொள்ளும், சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அண்ணன் தினமும் எங்கள் வீட்டுக்காரருக்கு போன் செய்து பரிசோதனைக்குப் போகச் சொல்லியிருக்கிறார். இவரோ அதுதான் நின்றுவிட்டதே, உங்கள் உடம்பைப் பாருங்கள் என்று தட்டிக் கழித்தார். தை பிறந்ததும் அண்ணனுக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்தாயிற்று. அதற்கு முன் வந்த காப்புக்கட்டு அன்று, யாரும் எதிர்பாராமல், எங்கள் வாசலில் வந்து நின்றார். சட்டை தோளில் தொங்கியது. கையில் கரும்பு இல்லை, பூளைப்பூவும் இல்லை, ஒரு தண்ணீர்ப் பாட்டில் மட்டும் இருந்தது.

நான் ஓடிப்போய்க் காப்பி கலந்து வந்தேன். வேண்டாம் என்றார். வேறு ஏதாவது சாப்பிடுங்கள் என்றேன். அதற்கும் தலையசைத்துவிட்டு, கொண்டுவந்த பாட்டிலிலிருந்து இரண்டு வாய் குடித்தார். பிறகு எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "மாப்பிள்ளை, நான் சொன்னது தப்புங்க. கஷாயத்துல நிக்கலீங்க, அதுவா நிக்குது, மறுக்கா வருது. எனக்கும் இப்படித்தானுங்க நின்னுது. நீங்க டெஸ்டுக்குப் போற வரைக்கும் இந்த ஊட்டுல நான் கை நனைக்க மாட்டனுங்க."

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. இரண்டு பேர் மேலும் வந்த கோபத்தில் நான் என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையும் கேட்டார். "உங்கிட்டச் சொல்லியிருக்கோணும் கண்ணு" என்றார். பிறகு எழுந்து போய்விட்டார்.

தங்கை வீட்டில் அண்ணன் கை நனைக்காமல் போனால் அதற்கு என்ன பொருள் என்று நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உறவு அறுந்தால்தான் அப்படிச் செய்வார்கள். பக்கத்து வீடுகளில் எல்லாரும் கூரையில் காப்புக் கட்டிக்கொண்டிருந்த நேரம். எங்கள் வீட்டுக்காரர் ஆறிப்போன அந்தக் காப்பியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சான் அவமானப்படுத்திவிட்டார் என்று அன்று முழுவதும் புலம்பினார். மறுநாள் பொங்கல் பானையில் கூட மனம் ஒட்டவில்லை. மாட்டுப்பொங்கல் முடிந்த மறுநாள், நான் ஒன்றும் சொல்லாமலேயே, கோயமுத்தூருக்குக் கிளம்பு என்றார்.

சிறுநீர்ப்பையில் சின்னதாக ஒரு கட்டி இருந்தது. அதுவும் புற்றுதான். ஆனால் உள்தோலைத் தாண்டவில்லை. சிறுநீர்த்தாரை வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்கள். வந்தது நல்லதாயிற்று என்றார் டாக்டர்.

அண்ணனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சிறுநீரகத்தை எடுத்தும் நோய் வேறு இடங்களுக்குப் போய்விட்டது. படுக்கையில் இருந்தபடியே, தான் கஷாயம் சொன்ன ஒவ்வொருவரையும் நினைவுபடுத்தி போன் செய்தார். கல் டாக்டர் பேசறேனுங்க, நான் சொன்னதுல ஒன்னத் திருத்திக்கோங்க என்று ஆரம்பிப்பார். சிலர் சிரித்தார்கள், சிலர் போய்ப் பார்த்தார்கள். புட்டியையும் பஸ்ஸிலிருந்து எடுத்து வரச்சொல்லி, அதை டாக்டரிடமே கொடுத்துவிட்டார்.

ஆடியில் எங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டாம் முறையாகப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். அன்றே எங்கள் வீட்டில் சமைத்த ரசம் சாதத்தைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு கோவைக்குப் போனோம். அண்ணனுக்கு அப்போது கஞ்சியே இறங்கவில்லை. ரிப்போர்ட்டை வாங்கி, கண்ணாடி போட்டு, மேலிருந்து கீழ்வரை மெல்லப் படித்தார். பிறகு தூக்குப்போசியைக் காட்டி, "எங்க சமைச்சது அம்மணி?" என்று கேட்டார். நம்ம வீட்டில்தான் என்றேன். தட்டில் போடச் சொல்லி, தன் கையாலேயே பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். எங்கள் வீட்டுக்காரர் வெளியே போய் நின்று அழுதார். அதன் பிறகு அண்ணன் ஒரு மாதம்கூட இருக்கவில்லை.

அண்ணனைக் கவனித்த மருத்துவர்களுக்கும், முகம் சுளிக்காமல் துடைத்துவிட்ட செவிலியர்களுக்கும், அழைக்காமலே வந்து ரத்தம் கொடுத்த உக்கடம் பஸ் ஸ்டாண்டுத் தோழர்களுக்கும், இரவு பகலாகப் பக்கத்திலேயே இருந்த அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் யாருக்காவது அந்தச் சிவப்பு ஒருமுறை வந்து, சொல்லக் கூச்சப்பட்டு விட்டிருந்தால், நாளைக்கே போய்ப் பாருங்கள். அண்ணன் உங்களுக்குச் செய்ய நினைத்த கடைசி போன் இதுதான்.

ஓராண்டு நினைவு நாள் சாப்பாடு கோபியில் எங்கள் வீட்டில் நடக்கிறது. எல்லாரும் வந்து கை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். முதல் இலை அண்ணனுக்கு. பரிமாறப்போவது அவருடைய மாப்பிள்ளை.